பெயர் வரும்வரை காத்திருப்பதா, சுணக்கத்தைக் கண்டதும் தொடங்குவதா?

எங்கள் சொந்தத்துக்குள் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்றே வைத்தியர் சந்தேகப்பட்டார், நிறமூர்த்தப் பரிசோதனையில் உறுதியானது. மற்றவனுக்கு இரண்டே கால் வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இன்னும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஓட்டிசமா, காதில் பிரச்சினையா, வெறும் சுணக்கமா என்று யாரும் எழுதித் தரவில்லை.

போன ஆவணியில் கோப்பாயில் நடந்த கலியாண வீட்டில் ஸ்காபரோ, மெல்பேர்ண், நியூயோர்க் சொந்தங்கள் எல்லாம் கூடியபோது கதை இந்த இரண்டு பிள்ளைகளில்தான் போய் நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் நாட்டில் இதெல்லாம் உடனே கிடைக்கும் என்றார்கள். வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உடனே கிடைப்பது உண்மைதான், ஆனால் எந்தப் பிள்ளைக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சைக்குள் போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று நோய்ப்பெயர்: வைத்தியர் எழுதிய துண்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். மற்றது சுணக்கம்: பெயர் என்னவாகவும் இருக்கட்டும், வயதுக்குரியதைப் பிள்ளை செய்யவில்லை என்று அளந்து காட்டினால் போதும்.

அமெரிக்கா இரண்டு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. 1986 இல் வந்த சட்டம், பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கும். இதில் எனக்குப் பிடித்தது, நோய்ப்பெயர் வாசலில் சுணக்கம் தெரிந்திருக்கவே தேவையில்லை என்பது. சுணக்கம் வருவதற்கு அதிக வாய்ப்புள்ள நிலை என்று எழுதப்பட்டிருந்தால் சரி. நிறமூர்த்தக் கோளாறு, பார்வை அல்லது கேட்டல் குறைபாடு, பிறவி வளர்சிதைக் கோளாறு, கருவிலேயே தொற்றிய கிருமி எல்லாம் மத்திய விதியில் உதாரணமாக உள்ளன. எங்கள் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை இரண்டு கிழமைக் குழந்தையாகவே உள்ளே போயிருப்பாள். தசை தளர்வாக இருக்கிறதே, பால் உறிஞ்சக் கஷ்டப்படுகிறாளே என்பதற்கெல்லாம் அப்போதே ஆள் வந்திருக்கும்.

பெயர் இல்லாதவன் அளக்கும் வாசலால் போக வேண்டும். அந்த அளவுகோல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயோர்க்கில் பேச்சு, அசைவு போன்ற வளர்ச்சித் துறைகளில் ஒன்றில் 33 சதவீதச் சுணக்கம், அல்லது இரண்டு துறைகளில் தலா 25 சதவீதம் இருந்தால் போதும். அரிசோனாவில் 50 சதவீதம் வேண்டும். அதாவது இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வயதுப் பிள்ளையைப்போல இருந்தால்தான் அங்கே வாசல் திறக்கும். வீடு மாறினால் பிள்ளை மாறிவிடுமா? ஆனாலும் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது: பரிந்துரை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதித்து, குடும்பத்தோடு திட்டம் போடும் முதல் கூட்டத்தையும் நடத்த வேண்டும். பரிசோதனைக்குக் காசில்லை. மூன்றாவது பிறந்தநாளோடு இந்த வாசல் பூட்டப்படும், பிறகு பாடசாலை முறை வேறு விதிகளோடு பொறுப்பெடுக்கும்.

அவுஸ்திரேலியாவில் ஆறு வயதுக்குக் கீழே என்றால் நோய்ப்பெயரே கேட்காமல் வளர்ச்சிச் சுணக்கத்தை வைத்துத் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்துக்குள் எடுக்கலாம். ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு மேலதிகச் சோதனை தேவைப்படாத நிலைகளின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஓட்டிசத்தில்தான் சிக்கல். எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்து அதை மூன்று மட்டமாகப் பிரிப்பார்கள். வைத்தியர் 2 ஆம் அல்லது 3 ஆம் மட்டம் என்று எழுதினால் நேரே தகுதி தரும் இன்னொரு பட்டியலில் இருப்பவன், 1 ஆம் மட்டம் என்றால் தனியாக ஆதாரம் காட்ட வேண்டியவன். ஓர் இலக்கத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றினால் வைத்தியரின் பேனை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஓகஸ்ட்டில், ஒன்பது வயதுக்குட்பட்ட, குறைந்த அல்லது நடுத்தர அளவு உதவி தேவைப்படும் பிள்ளைகளைத் தனித்திட்டம் ஒன்றுக்கு மாற்றப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. நம்மவர்கள் அடிக்கடி மறக்கும் இன்னொன்று: அந்தக் காப்புறுதி குடியுரிமை, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு. விசா முடிவு வரும்வரை தரும் தற்காலிகமான பிரிட்ஜிங் விசாவில் வருடக்கணக்காக இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு எவ்வளவு சுணக்கம் இருந்தாலும் அந்த வாசல் இல்லை.

ஸ்காபரோ மச்சாள்தான் அதிகம் பெருமைப்பட்டவள். ஒன்டாரியோவின் ஓட்டிசத் திட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, எழுத்தில் நோய்ப்பெயர் கட்டாயம். துண்டு கிடைத்த பிறகும் முக்கியச் சிகிச்சைக்கான வரிசையில் பல பத்தாயிரம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆனால் அதே மாகாணத்தில் பாடசாலைக்கு முந்திய வயதுக்கான பேச்சுச் சேவைக்கு, நோய்ப்பெயரும் வைத்தியர் கடிதமும் இல்லாமல் பெற்றோர் தாங்களே அழைத்துப் பதியலாம். மச்சாளுக்கே இது தெரியாது. இங்கிலாந்தும் கிட்டத்தட்ட இப்படித்தான்: விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் போடும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைக் கேட்க நோய்ப்பெயர் தேவையில்லை.

இனி எங்கள் ஊர். யாழ்ப்பாணத்தில் ‘நீ தகுதியில்லை’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்குப் போனாலும் காசு கேட்பதில்லை, சதவீதம் கேட்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்க்கும் கிளினிக்கில் பிள்ளையின் பதிவேட்டை விரித்தால் எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இத்தனை ஊர்களிலும் அகலமான வாசல் எங்களுடையதுதான்.

ஆனால் நுழைந்த பிறகு நடக்க வேண்டியதற்கு நாள் கணக்கு இல்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டி வேலையிலோ கல்வியிலோ ஒதுக்கக் கூடாது என்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை நாளுக்குள் பேச்சுச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு இருதயம் பார்த்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். பிசியோவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியபோது அவளுக்கு ஒன்பது மாதம். பெயர் இருந்தது, பெயரோடு ஒட்டிய உரிமை இருக்கவில்லை.

மற்றவனின் கதை இன்னும் பழகியது. ‘ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் கதைக்கும், தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவன்’ என்று அப்பம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் அதிலேயே போனது. பிறகு கொழும்பில் காட்டிப் பெயரைத் தெரிந்துகொண்டு வருவோம் என்று இன்னும் மூன்று மாதம். தமிழில் பிள்ளையோடு வேலை செய்யக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு, முறை வரத் தாமதமாகும் என்பது உண்மை. நெடுந்தீவிலிருந்து வரும் தாய்க்கு இன்னும் கஷ்டம். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், அரை மணித்தியாலப் பயிற்சிக்கு ஒரு முழு நாள். அவளுக்கு எந்த அளவுகோலும் தடையில்லை, கடல்தான் தடை.

எது நல்லது என்று கேட்டால், பெயர் வாசலைப் பூட்டச் சொல்லமாட்டேன். பிறப்பிலேயே தெரியும் நிலைகளுக்கு அது குறுக்குவழி, சுணக்கம் வரட்டும் என்று காத்திருப்பது மடைத்தனம். ஆனால் அது மட்டும்தான் வாசல் என்றால், பெயர் வர வருடம் எடுக்கும் பிள்ளை வெளியே நிற்கும். இரண்டில் ஒன்றுதான் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் சுணக்கத்தைத்தான் எடுப்பேன், அதுவும் அரிசோனாவின் 50 ஐ அல்ல.

எங்கள் ஊரில் பெயருக்குக் காத்திருப்பது இரட்டை நட்டம், ஏனென்றால் அந்தத் துண்டு இங்கே எந்த வரிசையையும் குறுக்குவதில்லை. பெற்றோரைப் பழக்கும் முறைகளுக்கு அது தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது: ஒன்பது குழு வகுப்பு, மூன்று வீட்டு வருகை. சுணக்கம் இருந்தால் போதும். குளிப்பாட்டும்போதும் சோறு தீத்தும்போதும் எப்படிக் கதை கொடுப்பது என்பதைத்தான் அதில் பழக்குகிறார்கள்.

வெளிநாடு போகும் திட்டம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது பெயர் எழுதிய அறிக்கையை ஆங்கிலத்தில் எடுத்து, பிள்ளையின் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். அந்த இரண்டே கால் வயதுக்காரனுக்கு இதுவரை ஒருவரும் காது சோதிக்கவில்லை என்று போன கிழமைதான் தெரியவந்தது. திங்கட்கிழமை அதற்குத்தான் துண்டு எடுத்திருக்கிறார்கள்.