டிராக் காருக்கு எந்தச் சக்கரம்? என்கெய் ஆர்பிஎஃப்1 மதிப்புரை

பந்தய டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆரக்காலின் பின்புறத்தில், அது ஹப் எனப்படும் நடுப்பகுதியோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மயிரிழை போன்ற ஒரு கருங்கோடு எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்தெடுத்து, அதன்மேல் வெள்ளைப் பொடியை அடித்ததும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று மெல்லக் கசிந்து மேலே வந்தது. முத்திரை எதுவும் இல்லாத, விலையை மட்டுமே பார்த்து வாங்கிய வார்ப்புச் சக்கரம் அது. அதற்கு மாற்றாக வாங்கி இரண்டு பருவங்கள் ஓட்டியிருக்கும், என்கெய் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1 சக்கரங்களைப் பற்றியதே இந்த மதிப்புரை. 17 அங்குல விட்டமும் 9 அங்குல அகலமும் கொண்டவை, 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து துளைகள் உள்ளவை.

சாலையில் பல ஆண்டுகள் தாங்கும் சக்கரம் டிராக்கில் ஏன் விரிசல் விடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும். 1400 கிலோ எடையில் 55 சதவீதம் முன்பக்கம் இருக்கும் ஒரு கார் நின்றுகொண்டிருக்கும்போது முன்சக்கரம் ஒவ்வொன்றும் 385 கிலோவைச் சுமக்கிறது. அதே கார் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைவில் திரும்பும்போது, அதன் ஈர்ப்பு மையம் 50 சென்டிமீட்டர் உயரத்திலும் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 150 சென்டிமீட்டராகவும் இருந்தால், மொத்தம் 467 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. அதில் பாதி முன் அச்சில் விழுவதாகக் கொண்டால், வெளிப்பக்க முன்சக்கரத்தின் சுமை 620 கிலோவைத் தொட்டுவிடும். பிரேக்கை விடாமலே வளைவுக்குள் நுழைந்தாலோ, டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கினாலோ இது இன்னும் கூடும்.

சுமையைவிடக் கொடியது வளைக்கும் விசை. டயர் தரையைப் பற்றியிருக்கும் இடத்தில் பக்கவாட்டில் தள்ளும் விசை, டயரின் ஆர அளவை நெம்புகோலாகக் கொண்டு, ஆரக்கால்களை ஹப்பின் மீது வளைக்கப் பார்க்கிறது. சக்கரம் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் ஆரக்காலும் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை நெரிபடுகிறது. இந்த அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 முறை சுற்றுகிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பதும் இதுவும் ஒன்றுதான். இங்கே மடக்கும் அளவு மிகச் சிறியது, எண்ணிக்கை மிகப் பெரியது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் பின்புறத்தில் உள்ள முத்திரைகளை. ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானின் லேசான உலோகச் சக்கரங்களுக்கான தரநிலை. சுழற்றி வளைக்கும் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, எடையை மேலிருந்து விழவிடும் மோதல் சோதனை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அந்த முத்திரையைத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். விஐஏ முத்திரையும் உடன் இருந்தால், வேறொரு அமைப்பும் சக்கரத்தைச் சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜேடபிள்யூஎல்லின் வளைப்புச் சோதனை டயரின் பிடிப்பைக் குறிக்கும் உராய்வுக் கெழுவை 0.7 என்று எடுத்துக்கொள்கிறது. சூடேறிய டிராக் டயரோ 1 என்ற அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பாதுகாப்புக் கெழு ஒன்றும் கணக்கில் சேர்க்கப்படுகிறது என்றாலும், அந்த உபரியில் கணிசமான பங்கை டிராக் டயரே தின்றுவிடுகிறது. அதனால்தான் காரின் நிலைச் சுமைக்குச் சரியாகப் பொருந்தும் சக்கரத்தை நான் வாங்குவதில்லை. அதைக் காட்டிலும் நன்றாகக் கூடுதலான சுமை பொறிக்கப்பட்டதையே தேடுகிறேன்.

அடுத்தது செய்முறை. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுக்கும் சாதாரண வார்ப்பு மலிவானது. ஆனால் உள்ளே நுண்துளைகள் தங்க வாய்ப்பிருப்பதால் உலோகத்தைத் தடிமனாக வைத்தே பலத்தை ஈடுகட்ட வேண்டும். மறுமுனையில் இருப்பவை, திண்மக் கட்டியை அழுத்தி உருவாக்கும் ஃபோர்ஜ்டு சக்கரங்கள். ரேய்ஸ் (Rays) என்ற நிறுவனத்தின் டிஇ37 அவற்றில் புகழ்பெற்றது; 15 அங்குலச் சக்கரம் 3.7 கிலோ என்பதே அப்பெயரில் உள்ள எண்ணின் மூலம். அவை மோதலில் உடைவதற்குப் பதிலாக வளையக்கூடியவை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று கெட்டால் இன்னொன்று வாங்கும் செலவை நினைத்து, கெட்டதையே தட்டி நிமிர்த்தி ஓட்டும் நிலைக்கு நம்மைப் போன்றவர்களைத் தள்ளிவிடும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஃப்ளோ ஃபார்மிங். முகப்பை வார்த்தெடுத்து, டயர் அமரும் உருளைப் பகுதியை மட்டும் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டி மெல்லியதாக்குகிறார்கள். அழுத்தம் பட்ட இடத்தில் உலோகம் இறுகிப் பலம் பெறுவதால் எடையைக் குறைக்க முடிகிறது. ஆர்பிஎஃப்1 உருவாகும், எம்ஏடி என்று என்கெய் அழைக்கும் முறை இந்த வகையைச் சேர்ந்தது. ஃபோர்ஜ்டு என்று விற்பனைப் பேச்சில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஆரக்கால்கள் வார்ப்புதான். கோனிக் ஹைப்பர்கிராம், ஏபெக்ஸ் ஏஆர்சி-8 ஆகியவையும் இதே குடும்பத்தவை. உங்கள் காருக்கான அளவு அவற்றில் எளிதாகக் கிடைக்குமானால் ஆர்பிஎஃப்1தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

எடை ஒவ்வொன்றும் ஏழரை கிலோவுக்குள் நிற்கிறது. சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் நான்கு கிலோ, எட்டு கிலோ குறைத்ததற்குச் சமம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வேகம் எடுப்பதைப் பொறுத்தவரை அது மிகை. ரிம்மின் விளிம்பிலேயே ஒரு கிலோவைக் குறைத்தாலும், இந்த டயர் அளவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை கிலோவுக்குத்தான் சமம். நான் உணர்ந்த மாற்றம் நேர்வழியில் அன்று, மேடுபள்ளமான வளைவுகளில்; டயர் தரையை விட்டுத் துள்ளுவது குறைந்து, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

18 அங்குலத்துக்குப் போகாமல் 17 அங்குலத்தில் நின்றதையே இந்தத் தேர்வில் மிகச் சரியான முடிவாக நினைக்கிறேன். டயர் மலிவு, பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் கெர்ப்பின் அடியில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்கிறது. பெரிய பிரேக் பொருத்தியவர்கள் மட்டும் பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, ஆரக்காலின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். விட்டம் போதும் என்பதாலேயே ஆரக்கால் காலிப்பரில் இடிக்காது என்று சொல்லிவிட முடியாது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. ஐந்து துளைச் சக்கரத்தின் நடுத்துளை 73 மில்லிமீட்டர். பெரும்பாலான கார்களின் ஹப் அதைவிடச் சிறியதாதலால் அந்த இடைவெளியை நிரப்பும் மைய வளையம் தேவைப்படும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் வெப்பத்தில் இளகிவிடும். அலுமினிய வளையமே ஏற்றது. நட்டின் அடிப்பாகம் கூம்பு வடிவமாக இருக்க வேண்டும். சில கார்களோடு வரும் உருண்டை அடி நட்டுகள் இதில் சரியாக அமராது. புதுச் சக்கரத்தை மாட்டி முதல் சுற்றுகளை ஓட்டியதும், அது ஆறிய பின் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடியும் இறுக்கிவிடுவது என் வழக்கம். இரட்டை ஆரக்கால்களின் நடுவே தூசி துடைப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் துடைக்கும்போதுதான் விரிசல் கண்ணில் படும் என்பதால் அந்த வேலையை நான் பிறரிடம் கொடுப்பதில்லை. வெறும் அழகுக்காக, பொடி வண்ணத்தைப் பூசிச் சுடும் பவுடர் கோட்டிங் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அதைச் சுடும் அடுப்பு 200 டிகிரியை நெருங்குகிறது, சக்கரத்தின் அலுமினியமோ அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பதப்படுத்திப் பலமேற்றப்பட்டது.

இரண்டாம் பருவத்தில் ஒரு வளைவின் உள்பக்கக் கெர்ப்பில் வேகத்தைத் தவறாகக் கணித்து ஏறி, வலது முன்சக்கரத்தின் உள்விளிம்பை வளைத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. விளிம்பு இரண்டு விரற்கடை நீளத்துக்கு உள்வாங்கியது. உடையவில்லை, காற்றும் உடனே இறங்கவில்லை, மெதுவாக ஓட்டியே திரும்பிவிட்டேன். தட்டி நிமிர்த்தித் தருவதாக ஒருவர் சொன்னார். சாலைக்கு மட்டும் என்றால் யோசித்திருப்பேன். நான்கையும் மாற்றாமல் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடிந்ததால், பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, புதியதன் உட்புறத்தில் வாங்கிய மாதத்தை வண்ணப் பேனாவால் எழுதி அதே இடத்தில் மாட்டியிருக்கிறேன்.