நின்ற வண்டிக்கு யார் சார்ஜ் ஏற்றுவது? டைனமோவா, சோலாரா

லாரி கேபினில் இரண்டு ஃபேன், ஒரு எல்இடி லைட், மூன்று போன். இவ்வளவுக்காகக் கடந்த நான்கு வருடத்தில் மூன்று விதமாக வயரிங் செய்துவிட்டேன், அதில் இரண்டைப் பிடுங்கியும் போட்டுவிட்டேன். லாரியில் தனியாக ஒரு பேட்டரி வைக்கலாமா, வைத்தால் இன்ஜின் ஓடும்போது சுற்றும் டைனமோவிலிருந்து சார்ஜ் எடுப்பதா, கேபின் மேல் சோலார் போடுவதா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோலார். ஆனால் என் மச்சான் வண்டிக்கு அதைப் போட வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். ஏன் என்பது கீழே வரும்.

எங்களுடையது 2018 மாடல் பன்னிரண்டு சக்கர டாரஸ், திறந்த பாடி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிராவில் இறக்குவோம், திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம், அது இல்லாவிட்டால் கிடைக்கிற எதுவோ. ரிட்டர்ன் லோடு சீக்கிரம் அமைந்தால் மறுநாளே கிளம்பலாம். அமையாவிட்டால் நவி மும்பை கலம்போலியில் இரண்டு நாள், மூன்று நாள், ஒருமுறை ஐந்து நாள். மே மாதத்தில் அந்த இரும்புக் கேபினுக்குள் ஃபேன் இல்லாமல் ஒருவன் தூங்கிவிட்டால் அவனுக்கு எந்த பேட்டரியும் தேவையில்லை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். வண்டியில் இருப்பது 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் 12 வேண்டும் என்பதால் எலக்ட்ரீஷியன் எர்த் பக்கம் இருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுத்துவிடுவார். பத்தே நிமிட வேலை. அப்புறம் நடப்பது என்னவென்றால், டைனமோவுக்கு இரண்டும் சேர்ந்த 28 வோல்ட்தான் தெரியும், எது காலி எது நிறைவு என்று தெரியாது. வயர் இழுத்த எர்த் பக்கத்துக் கீழ் பேட்டரி தினமும் காலியாகி 13-ஐத் தொடவே திணறும், மேல் பேட்டரியோ 15-ஐத் தாண்டிக் கொதிக்கும். ஒன்றில் தண்ணீர் வற்றுகிறது, இன்னொன்றில் பிளேட்டில் வெள்ளை படிகிறது. எட்டாவது மாதம் ஹூப்ளி தாண்டி ஒரு ஹோட்டலில் காலை நான்கு மணிக்குச் செல்ஃப் எடுக்கவில்லை. 20 டன்னுக்கு மேல் லோடு இருக்கிற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர் ஒரு பஞ்சாபி அண்ணன், அவர் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துக் கிளப்பினார். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. 12 வோல்ட் வேண்டுமென்றால் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், ஒற்றை பேட்டரியிலிருந்து எடுக்காதீர்கள்.

இரண்டாவதாகப் போட்டது டைனமோவில் ஏறும் தனி பேட்டரி. 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர், அதாவது லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, 24-இலிருந்து 12-க்குச் சார்ஜ் செய்யும் 10 ஆம்பியர் சார்ஜர் ஒன்று. இன்ஜின் ஓடும்போது மட்டும் சார்ஜர் வேலை செய்யும், நின்றதும் துண்டித்துக்கொள்ளும். அதனால் கேபினில் என்ன எரிந்தாலும் செல்ஃபுக்கு உண்டான பேட்டரி பத்திரம். ஓடுகிற நாளில் இதில் குறையே சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டினால் இரவு காலியானது மாலைக்குள் நிரம்பிவிடும், டீசலில் வித்தியாசம் தெரியவே தெரியாது. மழையா, வெயிலா, மலைப்பாதையா, எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கேபின் மேல் எதையும் ஏற்ற வேண்டாம். செலவும் எனக்கு அப்போது 18 ஆயிரத்துக்குள் முடிந்தது.

பிரச்சினை நிற்கும்போது.

எங்கள் கேபின் கணக்கு இதுதான்: ஃபேன் இரண்டும் தலா 15 வாட், இரவு ஒன்பது மணி நேரம், அதற்கே 270 வாட்-அவர். ஹால்ட் நாளில் பகலிலும் ஒரு ஃபேன் ஆறு மணி நேரம் ஓடும், அது 90. லைட், போன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 420 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியில் எழுதியிருப்பது 1,200 வாட்-அவர். ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால் கைக்கு வருவது 600. ஒன்றரை நாள். மூன்றாம் நாள் காலையில் மீட்டர் 11.6 காட்டும். சரி, இன்ஜினைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்றால், ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் விட்டால் சார்ஜர் தருவது 10 ஏஎச், ஃபேன் இரண்டும் நான்கு மணி நேரம் சுற்றும் அளவு. அதற்கு என் வண்டி குடிப்பது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் டீசல், லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டி எத்தனையோ நாளாயிற்று. நான்கு மணி நேர ஃபேன் காற்றுக்கு நூற்று முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல், பக்கத்து வண்டியில் தூங்குகிறவனிடம் திட்டு இலவசம்.

ஆனால் டீசல் காசை விடப் பெரிய நஷ்டம் இன்னொன்று, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரி காலியாவதால் மட்டும் சாவதில்லை, காலியாகவே கிடப்பதால்தான் சாகிறது. இறங்கிய பேட்டரியை உடனே ஏற்றிவிட்டால் பிளேட்டில் படிந்த சல்பேட் திரும்பக் கரைந்துவிடும். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் அது கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும், அந்த அளவு கொள்ளளவு போனது போனதுதான். போதாததற்கு, சார்ஜ் ஏறும்போது முதல் முக்கால் பங்கு வேகமாக ஏறும், கடைசிக் கால் பங்குக்கு மட்டும் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். கலம்போலியில் மூன்று நாள் கிடந்துவிட்டு, லோடு ஏற்றப் பக்கத்துப் பன்வெல் வரை மட்டும் ஓட்டி, அங்கே இன்னொரு நாள் கிடந்தால், அந்த பேட்டரி வாரக் கணக்கில் முழு சார்ஜையே பார்க்காது. ஊருக்குத் திரும்பும் நீண்ட ஓட்டத்தில் மட்டும் நிரம்பும். அடுத்த ட்ரிப்பில் மறுபடி இதே கதை.

என்னுடையது 16 மாதம் வந்தது. கடையில் கொண்டுபோய் வைத்தபோது கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் கரெக்டா ஊத்தியிருக்கீங்கண்ணா, ஆனா பட்டினி போட்டுக் கொன்னுட்டீங்க" என்றார். வாரன்டி கேட்டேன், சிரித்தார்.

என் மச்சானிடம் அதே பிராண்ட், அதே சைஸ் பேட்டரி, அதே சார்ஜர், மூன்றாவது வருடம் ஓடுகிறது. அவர் வண்டி சேலம் - சென்னை தினசரி லைன். தினமும் ஓடுகிறது, தினமும் நிரம்புகிறது, எங்கேயும் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்பதில்லை. அவருக்கு எதற்குச் சோலார்? ஆக, எந்த பேட்டரி, எத்தனை வாட் என்று ஆரம்பிக்காதீர்கள். போன ஆறு மாத ட்ரிப் ஷீட்டை எடுத்து, வண்டி தொடர்ந்து 36 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றது எத்தனை முறை என்று எண்ணுங்கள். எனக்குப் பதினேழு வந்தது.

இனி சோலார். 100 வாட் பேனல் இரண்டு, பேனலில் வருவதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் 20 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர் ஒன்று, 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, பட்டறையில் ஆங்கிள் ஃபிரேம், வயர், ஃபியூஸ். எல்லாம் சேர்த்து 39 ஆயிரம் ஆயிற்று. முந்தையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், மறைக்க ஒன்றுமில்லை. பேட்டரியை மட்டும் டியூபுலராகவே வைத்திருந்தால் 10 ஆயிரம் குறைந்திருக்கும், சோலார் தினமும் ஏற்றுவதால் அதுவும் முன்பை விட நிறைய நாள் வந்திருக்கும். நான் லித்தியம் போனது, அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் அது கெடாது என்பதற்காக. எடையும் 12 கிலோதான், சீட்டுக்குப் பின்னால் படுக்கைக்கு அடியில் போய்விட்டது.

200 வாட் என்றால் 200 வாட் வரும் என்று நினைக்காதீர்கள். பேனல் சூட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், லாரி கேபின் மேல் 60 டிகிரிக்கு மேல் போகும்போது ஆறில் ஒரு பங்கு போய்விடும். படுக்கை வசத்தில் இருப்பதாலும் ரோட்டுத் தூசியாலும் இன்னும் கொஞ்சம். நல்ல வெயில் நாளில் எனக்கு 700 வாட்-அவர் சுமாராக ஏறுகிறது, செலவு 420. ஐந்து நாள் நின்றாலும் காலை பத்து மணிக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டே பேட்டரியும் ஏறுகிறது. அந்த முதல் ஹால்ட்டில் நான் மணிக்கு ஒருமுறை கன்ட்ரோலர் டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கிளீனர் பையன் "அண்ணா, புதுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அதையே பார்க்கிறீங்க" என்றான்.

கன்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். எம்பிபிடி என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டி எழுநூறு ரூபாய்க்கு விற்பதெல்லாம் உள்ளே சாதாரண பிடபிள்யூஎம்தான். அது 18 வோல்ட் பேனலை பேட்டரியின் 13-க்கு இழுத்துவிடும், ஆம்பியர் கூடாது, கால் பங்கு அங்கேயே காலி. கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், நிஜமானதற்கு உள்ளே காயில் இருப்பதால் கனமாக இருக்கும்.

நான் எதிர்பார்க்காத எதிரி தார்ப்பாய். திறந்த பாடி லாரியில் கேபின் மேல் இடம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். தார்ப்பாய், கயிறு, சில நேரம் கிளீனரின் துவைத்த துணி. லோடு இருக்கும்போது தார்ப்பாய் லோடின் மேல் போய்விடும், ஆனால் ஹால்ட்டில் வண்டி காலியாக நிற்கும்போதுதானே எனக்குச் சார்ஜ் வேண்டும், அப்போது அது கேபின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஃபிரேமை ஓர் அடி உயரக் காலில் நிறுத்தி, தார்ப்பாய் கீழே, பேனல் மேலே என்று ஆக்கினோம். அப்படியும் ஒருநாள் வெயில் கொளுத்துகிறது, டிஸ்பிளேயில் 60 வாட்தான். மேலே ஏறிப் பார்த்தால் ஒரு கயிற்றுச் சுருளின் நுனி ஒரு பேனலில் தொங்குகிறது, பக்கத்துப் பேனலில் கையகலத்துக்குக் காக்கை எச்சம். செல்கள் எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் பேனலில் பெரும்பங்கு படுத்துவிடும். இரண்டு பேனலையும் பேரலலாகக் கொடுத்ததற்குக் காரணமும் இதுதான், ஒன்று மறைந்தாலும் மற்றது தரும். வயர் மட்டும் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும்.

ஒட்டுகிற வளையும் பேனலைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். லாரிக்கு வேண்டாம். லோடுமேன் அதன் மேல் கால் வைத்தே தீருவார், கீழே காற்று போகாததால் வெந்தும் போகும். கண்ணாடிப் பேனல், அலுமினியச் சட்டம், அதிர்வில் கழலாத நைலாக் நட், ரப்பர் வாஷர். நான் முதலில் சாதாரண நட் போட்டு, இரண்டே மாதத்தில் நான்கில் ஒன்று எங்கேயோ கோலாப்பூர் ரோட்டில் கழன்று விழுந்திருந்தது. அகலத்தில் கேபினுக்கு வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜூலையில் கொங்கண் பக்கம் மழை பிடித்தால் ஒரு நாளைக்கு 150 வாட்-அவர் ஏறினாலே அதிசயம். பேட்டரி முழுதாக இருந்தால் நான்கு நாள் எப்படியோ ஓட்டலாம், அதற்கு மேல் கைவிரித்துவிடும். அதற்காகவே பழைய 10 ஆம்பியர் சார்ஜரை விற்காமல் வைத்திருக்கிறேன், லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டேஜ் செட்டிங் அதில் உண்டு. அடுத்த மழைக்கு முன் அதையும் சேர்த்துவிடுவேன். லித்தியத்தை டைனமோவோடு நேராக இணைக்கவே கூடாது, அது கொடுக்கிற அத்தனையையும் உறிஞ்சும், டைனமோ சூடாகிக் கருகிவிடும். இன்னொன்று, லித்தியத்தில் வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. டியூபுலர் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி என்று கண்ணை மூடிச் சொல்லலாம். இது பெரும்பாலான நேரம் 13.2-லேயே நிற்கும், திடீரென்று ஒரு ராத்திரி மூன்று மணிக்கு உள்ளேயிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) கட் செய்து ஃபேன் நின்றபோதுதான் காலி என்றே தெரிந்தது. ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் 900 ரூபாய்க்கு வாங்கி மாட்டிய பிறகுதான் தூக்கம்.

லித்தியம் எத்தனை வருடம் வரும் என்று கேட்காதீர்கள். 2,000 சைக்கிள் என்று பேப்பரில் இருக்கிறது, நான் பார்த்தது இரண்டு கோடை. உறைபனிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் காஷ்மீருக்கு ஆப்பிள் லோடுக்குப் போகிறவர்கள் குறைந்த வெப்பநிலையில் தானே கட் ஆகும் பிஎம்எஸ் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தப் பக்கம் ட்ரிப் இல்லை.

விற்கும்போது என்ன ஆகும்? டைனமோ செட்டப்பை வண்டியோடு விட்டுவிடுவோம், வாங்குகிறவர் அதற்கு ஒரு ரூபாய் கூடத் தரமாட்டார், மாறாக "வயரிங்ல கை வச்சிருக்கீங்க" என்று பேரத்தில் குறைப்பார். சோலாரில் வண்டியின் ஒரு வயரையும் நான் தொடவில்லை. நான்கு போல்ட், ஒரு பேட்டரி, கழற்றி அடுத்த வண்டியில் மாட்டிக்கொள்வேன். வாரன்டியில் இருக்கும் பிஎஸ்6 வண்டிக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) வயரிங்கில் யாரையும் ஒட்டுப் போட விடாதீர்கள். மழைக்காக நான் அந்தச் சார்ஜரைச் சேர்த்தாலும் மெயின் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக இழுப்பேனே தவிர வண்டியின் வயர்க் கட்டான ஹார்னஸ் பக்கம் போகமாட்டேன்.

ஏசி பற்றியும் கேட்கிறார்கள், 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் ஆனதிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நிற்கும்போது ஓட்ட பேட்டரி ஏசி தனியாக விற்கிறார்கள், 600 வாட் என்றே வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு 3,600 வாட்-அவர். என் பேனல் இரண்டும் அதை ஏற்ற ஐந்து நாள் வெயில் வேண்டும், அதுவும் ஃபேனை நிறுத்திவிட்டு. என் பேட்டரியில் மூன்று வேண்டும். கேபின் மேல் அவ்வளவு பேனலுக்கு இடமும் இல்லை, அதற்குள் தார்ப்பாய் வேறு.