பச்சக்குழந்தைக்கு ட்யூப் போட பழகணும்னா சாதா லாரிங்கோஸ்கோப்பா, வீடியோவா?

புதுசா என்ஐசியூ (பச்சக்குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) வர்ற பிஜிங்களுக்கு (மேற்படிப்பு படிக்கிற டாக்டருங்க) இன்ட்யூபேஷன், அதாவது மூச்சுக்குழாய்ல ட்யூப் விடுறத, சொல்லிக்குடுக்க எது பெட்டர்னு கேட்டா என் ஓட்டு வீடியோவுக்குத்தான். லாரிங்கோஸ்கோப்னா பிளேடால நாக்க ஒதுக்கி தொண்டைக்குள்ள பாக்குற கருவி, வீடியோன்னா அதுலயே கேமரா இருக்கும், உள்ள தெரியுறது ஸ்கிரீன்ல வரும்.

சாதா பிளேடுல உள்ள என்ன தெரியுதுன்னு போடுறவருக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்துல நிக்கிற சீனியர் "கார்ட்ஸ் (குரல் நாண்) தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டுட்டே இருக்கணும், போடுறவரும் பயத்துல "தெரியுது சார்"னு சொல்லிட்டு ட்யூப்ப உணவுக்குழாய்ல விட்டுருவாரு. ஒரு தடவைக்கு 30 செகண்டுதான், அதுக்குள்ள சேச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) வேற இறங்கும். வீடியோன்னா ரெண்டு பேருக்கும் ஒரே காட்சி, "ரொம்ப ஆழமா போயிட்ட, மெதுவா பின்னாடி இழு, எபிகிளாட்டிஸ் (மூச்சுக்குழாய் மேல இருக்கிற மூடி) விழுது பாரு, இப்ப தூக்கு"ன்னு அங்கயே திருத்தலாம். டப்ளின்ல 214 குழந்தைங்கள வெச்சு பண்ண ட்ரையல் 2024ல வந்துச்சு, முதல் அட்டெம்ப்ட்லயே சரியா போனது வீடியோல 74%, சாதாவுல 45%. சின்ன வித்தியாசமா இது?

ஆனா வீடியோ விலை ஜாஸ்தி, ரொம்ப குறைமாச குழந்தைக்கான குட்டி பிளேடு எல்லா செட்லயும் வராது, சளி பட்டா ஸ்கிரீன் மங்கிடும், சில நேரம் கார்ட்ஸ் பளிச்சுன்னு தெரியும் ஆனா ட்யூப் மட்டும் உள்ள போகாம முட்டிக்கிட்டே நிக்கும் (செம கடுப்பு). சின்ன ஆஸ்பத்திரி லேபர் ரூம்ல எப்படியும் சாதாதான் கைக்கு கிடைக்கும்.

அதனால சாதா மாதிரியே நேரான பிளேடு இருக்கிற வீடியோ செட் வாங்குங்க, ஜூனியர் வாய்க்குள்ள நேராப் பாத்து போடட்டும், ஸ்கிரீன சீனியர் பக்கம் திருப்பி வெச்சுருங்க.