மார்கரெட்டின் இரண்டு விவாகரத்துகள்: 1947, 1963

ஸ்காட்லாந்துக் கோடீசுவரர் ஜார்ஜ் விக்கமின் மகள் மார்கரெட் இருமுறை மணந்து இருமுறை பிரிந்தார். 1933இல் லண்டன் பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்தில் அமெரிக்க கோல்ஃப் வீரர் சார்லஸ் ஸ்வீனியைக் கைப்பிடித்தபோது, நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த மணவுடையைக் காணத் தெருவில் கூட்டம் முண்டியடித்தது. 1947இல் வந்த பிரிவோ பெரிய ஓசையின்றி முடிந்தது.

1951இல் மணந்த ஆர்கைல் கோமகனின் கதை வேறு. பட்டம் அவருடையது, பணம் மாமனாருடையது. கோமகனின் குடும்பக் கோட்டையான இன்வெரேரியைச் செப்பனிட்டதில் விக்கமின் காசும் உண்டு. மனைவியின் நாட்குறிப்புகளையும் அந்தரங்கப் புகைப்படங்களையும் கைப்பற்றி எடின்பரோ நீதிமன்றத்தில் வைத்தார் கோமகன்; மனைவிக்குத் தொடர்பிருந்ததாகச் சொல்லி 88 ஆண்களின் பட்டியலையும் நீட்டினார். 1963இல் நீதிபதி வீட்லி சுமார் 50,000 சொற்களில் அளித்த தீர்ப்பைச் சட்டம் என்பதைவிட ஒழுக்கப் பிரசங்கம் என்றே சொல்வேன். கோமகனுக்கு அது மூன்றாவது மணமுறிவு! அவர் பெயர் மட்டும் அவ்வளவாக நாறவில்லை.

ஆனால் சட்டத்தில் தடம் பதித்ததும் இந்தப் பிரிவுதான். தாம்பத்திய இரகசியங்களைக் கணவர் செய்தித்தாளில் வெளியிடக் கூடாதென்று மார்கரெட் வழக்காடிப் பெற்ற தடை, இரகசியக் காப்பு வழக்குகளில் முன்னுதாரணமாக மேற்கோள் காட்டப்படுகிறது.