வரப்பு ஒட்டுகிறதா, மூலை முட்டுகிறதா: போஸ்ட்ஜிஐஎஸ்ஸா, மைஎஸ்க்யூஎல்லா?

ஒரு கிராமத்தின் புல வரைபடங்களைப் பாலிகனாக்கி (பல பக்க உருவங்களாக்கி) டேட்டாபேஸில் ஏற்றி, "இந்தப் புல எண்ணுக்கு எல்லைக்காரர்கள் யார் யார்?" என்று கேட்டால் பதில் வரவேண்டும். வேலை இவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் 8, போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வரைபட வேலைகளைச் சேர்க்கும் நீட்சி) இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நான் போஸ்ட்ஜிஐஎஸ் பக்கம் போனேன். ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல் ஓடும் இடத்தில் இன்னொரு டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பது லேசான வேலை இல்லை. ஆனாலும் போனதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன்தான் காரணம்.

தெரிந்த சங்கதிகளை முதலில் தள்ளிவிடலாம். இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். இரண்டு உருவங்கள் சந்திக்கின்றனவா, ஒன்றுக்குள் ஒன்றா, தொடுகின்றனவா, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று பார்க்கும் இன்டர்செக்ட்ஸ், கன்டெய்ன்ஸ், டச்சஸ், ஓவர்லாப்ஸ் எல்லாம் இரண்டிலும் உண்டு. மைஎஸ்க்யூஎல் உருவத்தைப் பார்க்காது, அதைச் சுற்றிய செவ்வகத்தைத்தான் பார்க்கும் என்பது பழைய கதை. 5.6இலேயே எஸ்டி_ என்று தொடங்கும் துல்லியமான ஃபங்ஷன்கள் வந்துவிட்டன; 5.7இல் அதன் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியிலும் ஸ்பேஷியல் இன்டெக்ஸ் (இடத்தை வைத்து வேகமாகத் தேட உதவும் அட்டவணை) வந்தது. நெடுவரிசைக்கு எஸ்ஆர்ஐடி (எந்த ஆயத்தொலைவு முறை என்று சொல்லும் எண்) கொடுக்க மட்டும் மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் 8இல் அந்த இன்டெக்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஊரில் எல்லைக்காரர் என்றால் வரப்பைப் பகிர்ந்துகொள்பவர். நாலு வயல் கூடுகிற இடத்தில் குறுக்கே மூலை மட்டும் முட்டுகிற வயல்காரரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எஸ்டி_டச்சஸுக்கோ இருவரும் ஒன்றுதான். உள்பக்கங்கள் கலக்காமல் எல்லைகள் எங்கேயாவது தொட்டால் போதும், "ஆம்" என்றுவிடும். இரண்டு டேட்டாபேஸிலும் அப்படித்தான், விதியே அது.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இதற்கு எஸ்டி_ரிலேட் இருக்கிறது. ஓர் உருவத்தின் உள்பக்கம், எல்லை, வெளிப்பக்கம் மூன்றையும் மற்றதன் மூன்றோடும் ஒப்பிட்டு, ஒன்பது எழுத்தில் விடை தரும். சந்திப்பே இல்லையென்றால் எஃப், புள்ளியில் சந்தித்தால் 0, கோட்டில் 1, பரப்பில் 2. வரப்பைப் பகிரும் இரண்டு வயல்களுக்கு எஃப்எஃப்2எஃப்11212 என்று வரும். மூலை மட்டும் முட்டினால் எஃப்எஃப்2எஃப்01212. ஐந்தாவது எழுத்தில்தான் வித்தியாசம். எல்லையும் எல்லையும் சந்திக்கும் இடம் அது. எனவே எஃப்***1**** என்ற மாதிரியை (* என்றால் எதுவும் இருக்கலாம்) மூன்றாவது உள்ளீடாகக் கொடுத்தால் வரப்புக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். புலத்தின் நடுவே தனி உட்பிரிவாக இருக்கும் கிணறுகூட இதில் தப்பாது. ஆனால் ஒன்று, எஸ்டி_ரிலேட் தானாக இன்டெக்ஸைத் தொடாது. முன்னால் ஒரு && (சுற்றிய செவ்வகங்கள் மோதுகின்றனவா என்று இன்டெக்ஸை வைத்துப் பார்க்கும் குறி) போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எல்லா வயலையும் எல்லா வயலோடும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் இது இல்லை. எஸ்டி_இன்டர்செக்ஷன் எடுத்து, அதன் எஸ்டி_டைமன்ஷன் 1தானா என்று பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு அதுவே போதும். எதிர்பாராத விடை வரும்போதுதான் கஷ்டம். வேறு வேறு வரைபடங்களிலிருந்து வரைந்த பக்கத்து வயல்கள் கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். ஒரு விரற்கடை ஏறியிருக்கும், இல்லையென்றால் மெல்லிய இடைவெளி விழுந்திருக்கும். டச்சஸ் வெறுமனே "இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். ரிலேட்டின் முதல் எழுத்து 2 என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. முதலும் ஐந்தாவதும் எஃப் என்றால் பெரும்பாலும் இடைவெளி. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_ஸ்னாப்டுகிரிட், எஸ்டி_மேக்வேலிட் என்று திருத்துகிற கருவிகளும் அங்கேயே கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் என்றால் தரவை வெளியே எடுத்துப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 4326 என்ற எஸ்ஆர்ஐடியில் (ஜிபிஎஸ்ஸின் அட்சரேகை, தீர்க்கரேகை முறை) மைஎஸ்க்யூஎல் 8 அட்சரேகையை முதலில் கேட்கும், போஸ்ட்ஜிஐஎஸ் தீர்க்கரேகையை. சென்னையின் 80.27, 13.08ஐ அப்படியே மைஎஸ்க்யூஎல்லில் போட்டால் பிழைச்செய்தி ஏதும் வராது. புள்ளி ஸ்வால்பார்டுக்கு வடக்கே கடலில் போய் விழும். சிங்கப்பூராக இருந்தால் 103 என்பது 90ஐத் தாண்டுவதால் உடனே கத்திவிடும்.

கடை எந்த டெலிவரி எல்லைக்குள் வருகிறது என்ற அளவோடு உங்கள் வேலை முடிகிறது என்றால், இருக்கிற மைஎஸ்க்யூஎல்லை விட்டு நகர வேண்டியதில்லை. கோடிக்கணக்கான பாலிகன்களில் எது வேகம் என்று என்னைக் கேட்காதீர்கள், என் தரவு ஒரு கிராமத்தோடு சரி. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் பராமரிப்பு கொஞ்சம் கூடுதல்தான். போஸ்ட்கிரெஸைப் பெரிய பதிப்புக்கு ஏற்றும்போது புதிய பதிப்புக்கான போஸ்ட்ஜிஐஎஸ் சர்வரில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும்.