மூச்சுத்திணறலுக்கு ஹோமியோபதி: எட்டு மாதம் போய்வந்த கிளினிக் பற்றி

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, எட்டு மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன ஹோமியோபதி கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஐஎல்டி என்கிற நுரையீரல் நோய்க்கு அங்கே பார்க்கலாமா என்று சொந்தத்திலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது.

அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருஷமாக வறட்டு இருமல், சளியே கிடையாது. மச்சுக்கு ஏறினால் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் வைத்தோம், கேட்கவில்லை. நுரையீரலை நுணுக்கமாகக் காட்டுகிற ஹெச்ஆர்சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஐஎல்டி என்று தெரிந்தது. நுரையீரலில் காற்றுப்பைகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய திசு புண்பட்டு, தடித்து, தழும்பாகிப்போனால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்காது, அதுதான் விஷயம். இது ஒரே நோயும் இல்லை, 200-க்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். முடக்குவாதத்தால் வரலாம், கல் உடைக்கிற தூசியால் வரலாம், சில மாத்திரைகளால் வரலாம், காரணமே பிடிபடாமலும் வரலாம். நுரையீரல் டாக்டர் அம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் செருப்பில் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். "ஏட்டி, இந்த மாத்திரையைப் போட்டு மூஞ்சியெல்லாம் உப்பிப்போச்சு, வேற வைத்தியம் பாரு" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள், பெரியம்மா இந்த கிளினிக்கைச் சொன்னாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் டாக்டர் உட்கார்ந்து பேசினார். எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடுகிறது, என்ன கனவு வருகிறது, காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "மச்சுல புறாக்கூண்டைத் தூத்து அள்ளுவேன்" என்றாள் அம்மா. தம்பி இருபது புறா வளர்த்தான். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை உங்கள் நுரையீரல் டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள் என்றார். அதுவரை எங்கும் யாரும் கேட்காத கேள்வி அது, நாங்களும் சொல்லத் தோன்றாத சங்கதி. போய்ச் சொன்னோம். புறா எச்சத்திலும் இறகுத் தூசியிலும் இருக்கிற புரதம் ஒத்துக்கொள்ளாமல் வருகிற ஐஎல்டிதான் என்று முடிவானது. 2017-ல் வெளியான இந்திய ஐஎல்டி பதிவேட்டில் இருந்த 1,084 நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இப்படி ஒவ்வாமையால் வந்த வகைதானாம். புறா மட்டுமில்லை, பூஞ்சை பிடித்த ஏர்கூலரும் காரணமாகலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மருந்து. ஆன்டிமோனியம் டார்ட் 30, ஆர்செனிகம் ஆல்பம் 30 என்று சின்னக் குப்பியில் சீனி உருண்டைகள், நாலு நாலாக நாக்கில் போட வேண்டும். காபி கூடாது என்றார்கள், அம்மாவுக்கு அதுதான் பெரிய கஷ்டம். 30 என்றால் நூறில் ஒன்றாக முப்பது தடவை கரைத்தது. பன்னிரண்டு தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அபூர்வம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற ஆக்சிமீட்டர் அளவை நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தம்பி புறாவை விட மனசில்லாமல் இரண்டு மாதம் இழுத்தடித்தான், அந்த இரண்டு மாதமும் உருண்டையும் போட்டாள், ஸ்டீராய்டும் போட்டாள், ஆனாலும் நடந்துவிட்டு உட்கார்ந்தால் காட்டுகிற அளவு 91-லிருந்து 88-க்கு இறங்கியது. புறா போய், கூண்டைப் பிரித்து, மச்சை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் மெல்ல ஏறியது. உருண்டையால் ஏறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழுவும் 2015-ல் ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மூன்றாவது மாதம் மருந்து கட்டிக்கொடுக்கிற பெண், இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டால் இது வேலை செய்யாதும்மா என்று சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் சொல்லாமல் ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். பத்தாவது நாள் வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு, ஆக்சிமீட்டரில் 82. ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினோம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு நின்றுபோயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் கொடுத்த டாக்டர் சொல்லித்தான். ஹோமியோபதி டாக்டரிடம் கேட்டபோது நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். அது நிஜம்தான், ஆனால் நிறுத்தாதீர்கள் என்றும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

தழும்பு விழுந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க எந்த வைத்தியத்தாலும் முடியாது. இந்தத் தழும்புக்கென்றே கொடுக்கிற நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் மாத்திரைகளே தழும்பு கூடுகிற வேகத்தைத்தான் குறைக்கும். அதனால் வீணாகப் போகிற ஒவ்வொரு மாதமும் திரும்பி வராத நஷ்டம்.

முதல் தடவை 500 ரூபாய், அப்புறம் மருந்தோடு 300. கிளினிக் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை, பதினெட்டுப் படி. மூச்சு வாங்குகிறவர்கள் கீழே மெடிக்கல் வாசலில் உட்கார்ந்து சொல்லி அனுப்பினால் டாக்டரே இறங்கி வருகிறார். உருண்டை வேண்டாம், பேச மட்டும் வந்தேன் என்றாலும் முகம் சுளிக்கவில்லை, போன மாதம் அம்மா அப்படித்தான் போய்வந்தாள்.