இரவில் யார் எந்த வீட்டில் தங்குகிறார்கள்? லீலா துபேயின் கட்டுரைத் தொகுப்பு

மானுடவியலாளர் லீலா துபேயின் 'ஆந்த்ரபாலஜிகல் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் இன் ஜெண்டர்' (பாலினம் பற்றிய மானுடவியல் தேடல்கள்) 2001-ல் சேஜ் பதிப்பகம் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு. மானுடவியல் படிக்கிற மாணவர்களை நினைத்துப் போட்ட புத்தகம்தான். இருந்தாலும் என்னைப் போலக் குடும்ப வழக்கு நடத்துகிறவர்களுக்கு, சட்டப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று சொல்வேன். தூத்துக்குடியில் வக்கீலாக இருக்கிறேன். ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, பாகப்பிரிவினை என்று வருகிற கட்டுகளில் பாதிக்கு அடியில் ஒரே கேள்விதான் கிடக்கும்: இந்தப் பெண் உரிமையோடு போய்ப் படுக்க ஒரு வீடு இருக்கிறதா? துபே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1923-ல் பிறந்து 2012-ல் மறைந்தவர். பாடகி சுமதி முடாட்கரின் தங்கை. கணவர் எஸ்.சி. துபேயும் பெரிய மானுடவியலாளர். மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடிப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார், சாகர் பல்கலைக்கழகத்தில் பல வருடம் பாடம் நடத்தினார். அந்தக் காலத்துச் சமூகவியல் புத்தகங்களில் கிராமம் இருக்கும், சாதி இருக்கும். பெண் என்றால் கல்யாணத்துக்கு ஓர் அத்தியாயம், சடங்குக்கு ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். உறவுமுறை என்ற பாடத்தையே பெண் நிற்கிற இடத்திலிருந்து பார்த்து, அதில் சொத்தும் உழைப்பும் உடம்பும் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகின்றன என்று காட்டிய முன்னோடிகளில் இவர் ஒருவர்.

தொகுப்பில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது கல்பேனித் தீவைப் பற்றிய கட்டுரை. லட்சத்தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு கல்பேனி. அங்கே இருப்பவர்கள் முஸ்லிம்கள், பேசுவது மலையாளத்தின் ஒரு வட்டார வழக்கு. ஆனால் வம்சம் தாய்வழி. தறவாடு என்கிற தாய்வழிக் குடும்பத்தின் தென்னையும் நிலமும் பெண்கள் வழியாகவே இறங்கும். கணவன் ராத்திரி மனைவி வீட்டுக்கு வருவான், விடிந்ததும் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். குடும்பச் சொத்துக்கு வெள்ளியாழ்ச்சச் (வெள்ளிக்கிழமை) சொத்து என்றும், ஒருவர் தானாகச் சம்பாதித்ததற்குத் திங்களாழ்ச்சச் (திங்கட்கிழமை) சொத்து என்றும் பெயர். தாய்வழி முறையும் இஸ்லாமியச் சட்டமும் ஒரே தீவில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று 1969-லேயே தனிப் புத்தகம் எழுதியவர் துபே. இந்தக் கட்டுரையில் அதற்கும் மேலே போய், இந்த முறையால் யாருக்கு லாபம் என்று நேராகக் கேட்கிறார்.

பெண்கள் ஆள்கிற தீவு என்று அவர் சிலாகிக்கவில்லை. நிர்வாகம் காரணவர் என்ற மூத்த ஆணின் கையில்தான். ஆனால் மணமுறிவு வந்தால் அந்தப் பெண்ணின் அன்றாடத்தில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். அவள் மூட்டை கட்ட வேண்டாம். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வருவது நின்றுபோகிறவன் கணவன் மட்டும்தான். துபே ஆராய்ந்த காலத்தில் தலாக் சொல்வது அங்கே ஆணுக்கு எளிதாக இருந்தது, ஆனால் அது அவளைத் தெருவில் நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். நாங்கள் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டி, 'இவளை அந்த வீட்டில் இருக்க விடுங்கள்' என்று வாதாடி, உத்தரவு வாங்கி, அந்த உத்தரவையும் நிறைவேற்ற முடியாமல் அலைகிறோம். அங்கே அது பிறப்பிலேயே வருகிறது.

என் ஊருக்குப் பக்கத்திலேயே காயல்பட்டினம் இருக்கிறது. அங்கேயும் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்கள் நடந்துபோக வீடுகளுக்கு நடுவே தனி முடுக்குகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, கல்பேனியைப் போல வம்சம் முழுக்கத் தாய்வழி என்று காயலைச் சொல்ல முடியாது. ஆனாலும் தாய் வீட்டிலேயே, அக்கா தங்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிற பெண் பேசுகிற விதம் வேறு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துபே சொல்வது தூரத்துத் தீவின் விநோதமாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, விதையும் நிலமும் பற்றிய கட்டுரை. முதலில் 1986-ல் வந்தது. ஆண் விதை, பெண் வயல் என்ற பேச்சு தர்மசாஸ்திரத்திலும் இருக்கிறது, ஊர்ப் பேச்சிலும் இருக்கிறது. கேட்க இயற்கையைப் பற்றிய வர்ணனைபோல இருக்கும். துபே அதை ஒரு சொத்து ஏற்பாடாகப் படிக்கிறார். விளைச்சல் விதைத்தவனுக்கு, வயலுக்கும் அவனே சொந்தக்காரன், வயலுக்கு என்று எதுவும் கிடையாது. ரத்தம் கொடுத்தாள், பால் கொடுத்தாள், வளர்த்தாள், ஆனாலும் பிள்ளை அவன் வம்சம். கோர்ட் வராந்தாவில் மாமனார்கள் 'பிள்ளை எங்க ரத்தம், குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க' என்று சொல்வதன் வேர் இவ்வளவு ஆழமா என்று இந்தக் கட்டுரைதான் எனக்குக் காட்டியது. 1956-ன் இந்துக் காப்பாளர் சட்டமே இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய் என்றுதான் எழுதியிருக்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் காப்பாளராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 வரை ஆனது.

பெண் குழந்தை எப்படி வளர்க்கப்படுகிறாள் என்ற கட்டுரை படிக்கச் சுலபமானது. எப்படி உட்கார வேண்டும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எதைச் சாப்பிட வேண்டும், பூப்புச் சடங்கு ஊருக்கு என்ன அறிவிக்கிறது, பிறந்த வீட்டில் அவள் கொஞ்ச நாள் விருந்தாளி என்பதைப் பாட்டும் பூஜையும் எப்படிச் சின்ன வயதிலேயே மனதில் ஏற்றுகின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். விருந்தாளி என்று பழக்கப்பட்டவள்தான் பிற்பாடு அண்ணன் நீட்டுகிற, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்திவிட்டது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. ஆனாலும், 'அண்ணன்கிட்ட பங்கு கேட்டா நாளைக்கு அம்மா வீடுன்னு போய் நிக்க முடியாதேக்கா' என்று சொல்லும் பெண்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. வெவ்வேறு காலத்தில் எழுதியவை என்பதால் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. நடை இறுக்கமானது, ஆய்வுக் கட்டுரை படித்துப் பழகாதவர்களுக்கு முதல் பத்துப் பக்கம் சிரமம். பெண் குழந்தை கட்டுரை இந்துக் குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதிலும் வயலில் கூலிக்குப் போகிற வீட்டுச் சிறுமி போதுமான அளவு வரவில்லை என்பது என் வருத்தம். சாதியும் பெண்களும் பற்றிய கட்டுரை இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அடுப்படிச் சுத்தமும் கற்பும்தான் சாதியின் இரண்டு காவல், இரண்டையும் பெண் தலையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று அதில் தெளிவாகக் காட்டுகிறார்.

ஒரு விஷயம் இந்தத் தொகுப்பில் விரிவாக இருந்திருக்கலாம். 1980-களின் தொடக்கத்தில் கருவில் பெண் என்று தெரிந்தால் கலைப்பது பரவியபோது, பெண்கள் குறைந்தால் அவர்களின் மதிப்பு தானாக ஏறும் என்று பொருளாதார வரலாற்றாளர் தர்மா குமார் வாதிட்டார். துபே அதை மறுத்து எழுதினார்: பெண் குறைந்தால் கடத்தலும் வன்முறையும்தான் கூடும், பெண்ணை மதிப்பதும் மதிக்காததும் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை என்றார். ஹரியானாவுக்கு வெளிமாநிலங்களிலிருந்து மணப்பெண்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருகிற செய்திகளைப் பிற்பாடு படித்தவர்களுக்கு அவர் எவ்வளவு முன்னாலேயே கண்டார் என்பது புரியும்.

புத்தகக் கட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அச்சு தெளிவு. விலை கூடுதல் என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். வரிசைப்படி படிக்க வேண்டாம். முதலில் பெண் குழந்தை கட்டுரை, அப்புறம் கல்பேனி, அதன் பிறகு விதையும் நிலமும். இந்த மூன்றையும் முடித்தவர்கள் தென்னாசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் ஒப்பிடுகிற கட்டுரைக்குப் போகலாம். கல்யாணத்துக்குப் பிறகும் மகள் பெற்றோரோடு இருப்பது சர்வசாதாரணமான தாய்லாந்துக் கிராமங்கள் அங்கே வருகின்றன.